அசையாத கை

பாலில் ஆடை படிந்தால் என்னால் குடிக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உதட்டில் அது ஒட்டும் என்று நினைத்தாலே வயிற்றைப் புரட்டும். இங்கே ஸ்டேஷனில் காலையில் கொடுத்த டீயிலும் ஆடை மிதந்தது. நான் அதைத் தள்ளி வைத்ததைப் பார்த்து, மனசாட்சி உறுத்துவதால் குடிக்காமல் இருக்கிறேன் என்று உங்கள் ஆள் ஒருவர் நினைத்துக்கொண்டார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. வடிகட்டிக் கொடுத்திருந்தால் குடித்திருப்பேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் என்னைக் கொடூரமானவன் என்று எழுதிக்கொள்ளப் பார்க்கிறீர்கள். நான் கொடூரக்காரன் இல்லை, அருவருப்புக்காரன். இரண்டும் வேறு. சாப்பிடும்போது வாயைத் திறந்து மெல்லுகிறவர்கள், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்கள், காலணியைக் கழற்றி மேஜைக்கடியில் கால் நீட்டுகிறவர்கள், இவர்களோடு ஒரே அறையில் வேலை பார்த்தவன் நான். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்பேன். என் வாழ்க்கை முழுவதும் நான் செய்தது அதுதான்.

நான் வேலை பார்த்தது துணிக்குச் சாயமேற்றும் ஆலையில். தொட்டிப் பக்கம் இல்லை, ஷேடு பார்க்கும் அறையில். வாடிக்கையாளர் கொடுத்த துண்டுத் துணி ஒன்று, எங்கள் தொட்டியிலிருந்து வந்த துண்டு ஒன்று. இரண்டையும் விளக்குப் பெட்டிக்குள் அருகருகே வைத்து, ஒரே நிறமா இல்லையா என்று சொல்ல வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை என்பார்கள். எனக்கு எந்த எண்ணெயும் தேவைப்பட்டதில்லை. ஒரே மாதிரி இருக்கிற இரண்டு கறுப்பில் எதில் பச்சை ஓடுகிறது என்று வாசலில் நின்றே சொல்வேன். ஆனால் துண்டை மறைத்துவிட்டு, அது என்ன நிறம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நினைவிலிருந்து எனக்கு எதுவும் வராது. பொருள் எதிரில் இருக்க வேண்டும். தொட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

ஓய்வு பெற்ற பிறகுதான் வரைய ஆரம்பித்தேன். எண்ணெய் வண்ணம். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. இந்த வயதில் ஒரு பொடியன் முன்னால் கைகட்டி நின்று, 'அங்கிள், மூக்கு கோணலா இருக்கு' என்று கேட்டுக்கொள்ள எனக்குப் பொறுமை கிடையாது. எனக்குத் தெரிந்த வழியிலேயே வரைந்தேன். அட்டைத் துண்டு ஒன்றில் வண்ணத்தைத் தடவி, அதைப் பொருளின் மேலேயே ஒட்டிப் பிடித்துப் பார்ப்பேன். ஒத்துப் போகும்வரை கலப்பேன். ஒத்துப் போனதும் அந்தப் பொட்டைக் கான்வாஸில் வைப்பேன். பிறகு பக்கத்துப் பொட்டு. ஒரு ஆப்பிளின் கன்னத்தை முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும்.

ஆப்பிள் அதுவரை பொறுத்திருக்காது. அதுதான் சிக்கல். மேல் பாதியை முடித்துக் கீழே வருவதற்குள் மேல் பாதி சுருங்கிவிடும். பழுப்பு வட்டம் ஒன்று வந்து, அது குழைந்து, தட்டில் நீர் விடும். ஈ மொய்க்கும். எனக்குக் குமட்டும். ஆனாலும் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மனைவிதான் விட மாட்டாள். 

"இது படம் போடறதா, ஈ வளக்குற தொழிலா? வீடே நாறுதுங்க."

"பாதிதான் ஆகியிருக்கு. தொடாத."

"நீங்க முடிக்கறதுக்குள்ள விதை முளைச்சு மரமே வந்துடும். புதுசா ஒண்ணு வெக்கறேன், அதப் பாத்துப் போடுங்க."

நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் தட்டைக் கழுவி, துடைத்து, புதுப் பழம் ஒன்றை வைத்திருப்பாள். பளபளவென்று. வேறு நிறத்தில். அவள் பாசமாகத்தான் செய்தாள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புதுப் பழத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏற்பட்ட வெறுப்பு இருக்கிறதே, அழுகிய பழத்தைப் பார்த்துக்கூட அப்படி வந்ததில்லை.

அவள் தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டு, பழைய உடுப்புகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பாள். இடது கைக்காரி. அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிராளியின் சட்டைத் தையலை விரலால் தடவி, எங்கே நூல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு ஒரு தங்கை உண்டு, பக்கத்து ஊரில். அவள்தான் இப்போது உங்களிடம் வந்திருக்கிறாள்.

எங்கள் ஊரில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஓவியச் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை நூலகத்து மாடிக் கூடத்தில் கண்காட்சி. என் பாதிப் பழத்தை அங்கே கொண்டுபோனேன். கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டினார்கள். வருகிறவர்கள் ஈரக் கையை உதறிக்கொண்டே அதைப் பார்த்தார்கள். சில துளிகள் படத்தின் மேலும் பட்டன. கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் நடுவராக வந்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கலர் பிரமாதம் சார். எனக்கே இந்தக் கண்ணு கெடையாது. ஆனா ஒண்ணையும் முடிக்க மாட்டேங்கறீங்களே. முடிச்ச படம் ஒண்ணு கொண்டு வாங்க. நடுச் சுவத்துல நானே மாட்டறேன்."

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் கண்ணைப் பற்றி ஆலையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நிறம் தப்பினால் திட்டுவார்கள், தப்பாவிட்டால் அடுத்த துண்டை நீட்டுவார்கள். நடுச் சுவர் வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது உண்மை. அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் என் மனைவி மெஷினிலிருந்து எழுந்தபோது விழுந்தாள். பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. தொண்டையிலிருந்து ஒரு முனகல் மட்டும் வரும். இடது கை மட்டும் பழையபடியே இருந்தது. போர்வை விளிம்பை எடுத்து, தையல் சரியா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

வாரம் ஒருமுறை நர்ஸ் ஒருத்தி வந்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வெக்கணும் சார். ஒரே பக்கம் விட்டுட்டீங்கன்னா தோல் அழுகிடும்."

"வலது பக்கம் அவளுக்கு உணர்ச்சியே இல்லையே?"

"உணர்ச்சி இல்லாத பக்கம்தான் சார் முதல்ல போகும். அவங்களுக்குத் தெரியாது. நமக்குத்தான் தெரியணும்."

எனக்குச் சொல்லவில்லை, தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னாள். தெரியும். ஆரம்பத்தில் திருப்பிப் படுக்க வைக்கவும் செய்தேன். நான் எதையெல்லாம் தொட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. ஊட்டிய கஞ்சி வாயின் ஓரமாகத் திரும்பி வழியும், அது காதுவரை போய்க் காயும். தலைமுடியில் ஊறிய வியர்வை வாடை. நனைந்த படுக்கையை உருவும்போது கையில் படும் வெதுவெதுப்பு. ஒவ்வொரு முறையும் கொல்லைக் குழாயடிக்கு ஓடி, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு, அங்கேயே வாந்தியெடுப்பேன். பிறகு மறுபடியும் உள்ளே போவேன். அவள்மேல் பிரியம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. பிரியம் இருந்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள்.

ஒரு காலையில், கட்டிலை ஜன்னலோரம் தள்ளிப் போட்டிருந்தேன். காற்று வரட்டும் என்றுதான். அவளை வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தேன். வெளிச்சம் இடது கன்னத்தில் விழுந்தது. எதேச்சையாக ஒரு அட்டைத் துண்டை எடுத்து, அவள் கன்னத்தில் ஒட்டிப் பிடித்தேன். அந்த நொடியில் என் குமட்டல் நின்றது. சட்டென்று, குழாயை மூடியதுபோல. வழிந்த எச்சில் எச்சிலாகத் தெரியவில்லை. சாம்பலும் கொஞ்சம் மஞ்சளும் கலந்த ஒரு நிறமாகத் தெரிந்தது. அவளை முகம் சுளிக்காமல் என்னால் பார்க்க முடிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விழுந்த நாளிலிருந்து நான் அவளை நேராகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

உன்னை வரையட்டுமா என்று கேட்டேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஒருவரைத் திருப்பிப் படுக்க வைத்து, மறுபடி பழையபடி படுக்க வைத்தால், அது பழையபடி ஆகாது. போர்வை மடிப்பு வேறு இடத்தில் விழும். கன்னம் தலையணையில் வேறு மாதிரி அமுங்கும். நிழல் மாறும். ஓவியம் படித்தவர்கள் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு சமாளிப்பார்கள். எனக்கு மனதில் எதுவும் நிற்காது என்று முதலிலேயே சொன்னேன். ஒவ்வொரு முறை திருப்பிய பிறகும் முந்தைய வேலை முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. புதுப் பழம் வைத்த கதைதான். இந்தத் தடவை வைத்தது நானே.

அதனால் திருப்புவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன். வெளிச்சம் இருக்கிறவரை வேண்டாம், சாயங்காலம் திருப்பலாம் என்று. பிறகு, இந்தக் கன்னம் முடியட்டும் என்று. பிறகு கழுத்து. கீழே நனைந்தால் ஓரமாகத் துணியைச் செருகி உறிஞ்ச வைத்தேன். நர்ஸிடம், மைத்துனி வந்து தங்கியிருக்கிறாள், இனி நீங்கள் வர வேண்டியதில்லை என்று சொன்னேன். மைத்துனியிடம், நர்ஸ் தினமும் வருகிறாள், நீ அலைய வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

மைத்துனி வீடியோவில் கூப்பிடுவாள். நான் போனை முகத்துக்கு நேராகப் பிடிப்பேன்.

"அக்கா என்னமோ சொல்ல வர்றா மாமா."

"கொட்டாவி விடறாம்மா."

"இல்ல மாமா, வாய் அசையுது பாருங்க. கண்ணுல தண்ணி வேற."

"காலையில சொட்டு மருந்து விட்டேன். நீ வை, தூங்கட்டும்."

அறையில் நாற்றம் வந்தது. வண்ணம் கரைக்கிற டர்பெண்டைன் புட்டியைத் திறந்து வைத்தால் அது தெரியாது. ஈக்கள் வந்தன. அவற்றை விரட்ட மின்விசிறி வைத்தேன், போர்வை அசைந்ததால் நிறுத்திவிட்டேன். ஒரே ஒரு தடவை, இடுப்புக்கடியில் செருகிய துணியை உருவும்போது, அது ஒட்டிக்கொண்டு வந்தது. அப்போது பார்த்தேன். ஓரம் ஊதா. உள்ளே வர வர மஞ்சள். நடுவில் கறுப்பு. பச்சை ஓடுகிற கறுப்பு. என் உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருந்தது. அடியில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. எலும்பு என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நான் அட்டைத் துண்டை எடுக்கவில்லை. அதை எந்த நிறத்தோடும் ஒட்டிப் பார்க்க என்னால் முடியவில்லை. கொல்லைக்கு ஓடினேன். வயிற்றில் ஒன்றுமில்லாமல் பித்தம் மட்டும் வந்தது. திரும்பி வந்து, புதுத் துணியைச் செருகி, போர்வையை இழுத்து மூடினேன். அதற்குப் பிறகு அவளை நான் திருப்பவே இல்லை. திருப்பினால் அதை மறுபடி பார்க்க வேண்டும். இப்போது புரிகிறதா? கொடூரம் இல்லை. அருவருப்பு.

டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். கூப்பிட்டால் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். கட்டில் காலியாகிவிடும். இன்னும் இடது கை பாக்கி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் காய்ச்சல் வந்தது. கன்னத்தில் புதிதாக ஒரு சிவப்பு. நான் முடித்து வைத்திருந்த கன்னத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எரிச்சலாக வந்தது, ஒப்புக்கொள்கிறேன். காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, காலையில் வெளிச்சம் வருவதற்கு முன்பே ஊட்டினேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு இறங்கும். பழைய நிறம் வரும். அட்டையை ஒட்டிப் பார்ப்பேன், சரியாக இருக்கும். அவளுக்கும் அது இதமாகத்தான் இருந்திருக்கும்.

கைதான் பெரும் பாடு. அந்தக் கை ஓரிடத்தில் நிற்காது. முதலில் போர்வை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு ஜன்னல் பக்கத்துக் கட்டில் கம்பியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. நான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துப் போர்வைமேல் வைப்பேன். உட்கார்ந்து தூரிகையை எடுப்பதற்குள் மறுபடி கம்பிக்குப் போயிருக்கும். பிடித்துக்கொண்டு, முழுப் பலத்தோடு தன்னைக் கவிழ்க்கப் பார்ப்பாள். முகமெல்லாம் நரம்பு புடைக்கும். இடுப்பு ஒரு விரற்கடை எழும்பும், பிறகு விழும். பழக்கதோஷம் என்று நினைத்தேன். தையல்காரி கை, எதையாவது பிடித்து இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

பழைய தலையணை உறை ஒன்றை நீளமாகக் கிழித்தேன். மெல்லிய பருத்தி, உறுத்தாது. மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி, மறுமுனையை என் பக்கத்துக் கட்டில் கம்பியில் முடிச்சுப் போட்டேன். கை போர்வைமேல் அடங்கிக் கிடந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பார்வையை இங்கே திருப்பாதே, ஜன்னலைப் பார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலைப் பார்த்தாள்.

படம் முடிந்த மறுநாள் அவள் போய்விட்டாள். முடியட்டும் என்று அதுவரை அவளும் காத்திருந்தாள் என்றே நான் நம்புகிறேன். தெரு முனை டாக்டர் வந்தார். வாசல் நிலையிலேயே நின்று, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, போர்வையை விலக்காமலே மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். அவரும் அருவருப்புக்காரர்தான். அவரை நீங்கள் இங்கே கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை.

குளிப்பாட்டியது மைத்துனி. நான் வெளியே நின்றேன். உள்ளேயிருந்து அவள் அலறியது தெருவுக்கே கேட்டது. படுக்கையில் கிடக்கிற எல்லாருக்கும் புண் வரத்தான் செய்யும், நர்ஸ் சரியில்லை என்றேன். நம்பினாள். கன்னத்திலும் கையிலும் அங்கங்கே ஒட்டியிருந்த வண்ணத்தை எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். அது என்ன என்று கேட்டாள், நான் அவள் அக்காவை வரைந்துகொண்டிருந்ததைச் சொன்னேன். "அக்காவுக்கு நீங்க கூடவே இருந்தீங்களே மாமா, அது போதும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஈரக் கை. நான் இழுத்துக்கொள்ளவில்லை.

நடுவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நடுச் சுவர். மேலே தனி விளக்கு. கூட்டம் அதன் முன்னால்தான் நின்றது. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"முகத்த விடுங்க, அந்தக் கையப் பாருங்க. எவ்வளவு நிம்மதியாக் கெடக்கு. வாழ்நாள் பூரா உழைச்ச கை, இப்பதான் ஓய்வெடுக்குது."

கைதட்டினார்கள். வாழ்க்கையில் எனக்காக யாரும் கைதட்டி நான் கேட்டதில்லை. என் காது சூடாகிவிட்டது.

மைத்துனியை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனாள். வண்ணம் இன்னும் காயவில்லை, தள்ளி நில் என்று சொல்ல நினைத்தேன்.

"அக்கா கை தூக்கத்துலகூடச் சும்மா இருக்காதே மாமா," என்றாள்.

நான் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

"இங்க, மணிக்கட்டச் சுத்தி, பள்ளமா ஒரு கோடு போட்டிருக்கீங்களே. விரலெல்லாம் ஏன் வீங்கி நீலமா இருக்கு?"

"இருந்ததத்தாம்மா போட்டேன். எனக்கு இல்லாததப் போட வராது."

"கட்டில் கம்பியில தலையணை உறைக் கிழிசல் ஒண்ணு முடிச்சோட தொங்கிச்சு. அக்கா தெச்ச உறை, ஓரத் தையல் தெரிஞ்சுது. அவ ஞாபகமா இருக்கட்டும்னு எடுத்து வெச்சிருக்கேன். அதுலயும் இதே கலர் ஒட்டியிருந்துது மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போடவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆக, நர்ஸை நிறுத்தியது நான். திருப்பாமல் விட்டது நான். புண்ணைப் பார்த்த பிறகும் மூடி வைத்தது நான். கட்டியது நான். அவள் அதனால்தான் செத்தாள் என்று உங்கள் டாக்டர் சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். படத்தை மட்டும் மூட்டையாகச் சுற்றாதீர்கள், மேல் பூச்சு ஒட்டிக்கொள்ளும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. காலையில் நீங்கள் கேட்டு நான் பதில் சொல்லாதது. கண்ணுக்கு எதிரில் இருப்பதைத் தவிர வேறு எதையும் வரைய மாட்டேன் என்கிறீர்களே, அப்படியானால் படத்தில் அந்தத் துணி எங்கே என்று கேட்டீர்கள். மணிக்கட்டை வரைந்த நாட்களில் துணியை மேலே முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுப் போட்டேன். அதனால்தான் பள்ளம் அப்படியே விழுந்திருக்கிறது. முழங்கையை வரைந்தபோது கீழே இறக்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அது என் கண்ணுக்கு எதிரில்தான் இருந்தது. அதன் நிறத்தைக்கூட ஒரு தடவை அட்டையில் கலந்து வைத்தேன். பிறகு அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்தத் துணி பார்க்க அசிங்கமாக இருந்தது, சார்.